தன் பங்குக்கு மட்டும்

அந்தச் சலவை ஆலையில் அவருக்கு நாந்தான் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அதை மாதத்துக்கு ஒருமுறை காசாளர் மட்டும் உச்சரிப்பார். மற்ற நாளெல்லாம் நாந்தான்தான்.

எங்கே எது தவறிப்போனாலும், யார் செய்தது என்ற கேள்வி முழுதாக எழும்பும் முன்பே அவருடைய குரல் எழும்பிவிடும். மருத்துவமனை மூட்டையும் விடுதி மூட்டையும் கலந்துபோனால், "நாந்தான்." தள்ளுவண்டியின் சக்கரம் கழன்றால், "நாந்தான், நேத்து இழுக்கும்போதே ஆடுச்சு." அவர் அந்த வண்டியைத் தொட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

சுவிட்ச் பலகையில் நிற்பவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் ஓயாதவன். அவனுக்கு இதுதான் பொழுதுபோக்கு.

"அண்ணே, காலையில ஊருக்கே கரண்ட் போச்சே, யாரு வேலை அது?"

அவர் ஒரு கணம் நிஜமாகவே யோசிப்பார். அந்த யோசனையைப் பார்த்துத்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, சிரிக்க வைத்ததற்கும் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு தலையாட்டல்.

இந்தப் பழக்கம் வீட்டில் தொடங்கியது. அவருடைய அப்பா பேருந்து ஓட்டுநர். அவருக்குக் கோபம் வந்தால் வீடே சுருங்கிவிடும். ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தால் போதும், "யாரு?" என்ற கேள்வி அறை அறையாகப் போகும். இல்லை என்று சொல்லச் சொல்ல, அடி கூடிக்கொண்டே போகும். மகன் சின்ன வயதிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தான். முதலிலேயே "நாந்தான்" என்று சொல்லிவிட்டால் இரண்டு அடியோடு வீடு அமைதியாகிவிடும். தங்கை உடைத்ததற்கும் அவன், பூனை உருட்டியதற்கும் அவன். இதில் தியாகம் எதுவும் கிடையாது. சத்தம் சீக்கிரம் ஓய வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. வருடங்கள் ஏற ஏற அது உள்ளே இறங்கி, நம்பிக்கையாகவே உறைந்துவிட்டது. உலகத்தில் எங்கே ஒன்று கோணலாக நின்றாலும் அதில் தன் கை பட்டிருக்கும் என்று அவர் நம்பினார். கல்யாணப் படங்களில் பாதி கறுப்பாக விழுந்ததற்குப் போட்டோக்காரரிடமே மன்னிப்புக் கேட்ட மாப்பிள்ளை அவர். பிரிவுத் தலைவர் பதவி அவர் பக்கம் வந்தபோது, "நான் எதுக்கு சார், வேற நல்ல ஆளா பாருங்க" என்று சொல்லிவிட்டு மூட்டை தூக்கப் போய்விட்டார். தங்கமான மனுஷன் என்றார்கள். தொந்தரவு இல்லாத மனிதனுக்கு எல்லா இடத்திலும் அந்தப் பெயர் எளிதாகக் கிடைக்கும்.

ஆலை பெரியது. மருத்துவமனைகளின் விரிப்புகளும் விடுதிகளின் துண்டுகளும் லாரி லாரியாக வந்து இறங்கும். துவைக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம், உலர்த்தும் உருளைகள் மறுபக்கம். ஒவ்வொரு உருளையும் ஆள் உள்ளே குனிந்து நுழையும் அளவுக்குப் பெரியது. ஓடி நின்ற பிறகு உள்சுவரில் நூலும் பஞ்சும் அப்பிக் கிடக்கும். ஒருவர் உள்ளே போய்த் தூரிகையால் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்த துணியைப் போடும் முன் உருளையை வெறுமனே ஓட்டிச் சூடேற்றுவார்கள். சூடு தாங்காது என்பதால் சுவிட்ச் பலகையைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். சுவிட்ச் அருகில் நிற்பவனுக்கு உருளைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது.

அதற்காகத்தான் தகடு. ஆளுக்கொரு அலுமினியத் தகடு, அதில் அவரவர் எண். உள்ளே போகிறவர் தன் தகட்டை அந்த உருளையின் சுவிட்சுக்கு மேலே உள்ள கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். தகடு தொங்கும்வரை சுவிட்சைத் தொடக் கூடாது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் கழற்றக் கூடாது. சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்த விதி இது.

எழுத்து மங்கியதுபோல விதியும் மங்கியது. சிலர் தகட்டைத் தொலைத்தார்கள். பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்குத் தகடே தரப்படவில்லை. கேட்டால் மேற்பார்வையாளர், "அடிக்கச் சொல்லியிருக்கு, வரும். அதுவரைக்கும் நாந்தானோடதை வச்சு ஓட்டுங்கய்யா" என்பார். நாந்தானின் தகடு மட்டும் எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். கேட்டால் கொடுப்பார். இது என் தகடு, இது என் உயிருக்கு அடையாளம், இதை இன்னொருவருக்குத் தரக்கூடாது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தன்னுடையது என்று ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. நாளடைவில் அந்தத் தகடு பொதுச் சொத்தாகிவிட்டது. கொக்கியில் அது தொங்கினால் ரேடியோ சுவரைத் தட்டி, "உள்ள யாருப்பா?" என்று ஒரு சத்தம் போடுவான். பதில் வரும். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய தங்கையின் கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். சேர்த்துவிட்டது இவர்தான். அவரிடமும் தகடு இல்லை.

அன்று காலை மாப்பிள்ளை வந்து கையை நீட்டினார். "மச்சான், தகடு. மூணாவது உருளைக்குப் போறேன்."

கழற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை அதை மாட்டிவிட்டு உள்ளே போனார். இவர் மூட்டைகளை அடுக்கி முடித்து, முற்றத்துப் படிக்கட்டில் தேநீரோடு உட்கார்ந்தார். விடுதியிலிருந்து வந்த லாரிக்காரர் துண்டுகள் இன்னும் உலரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். ரேடியோ மூன்றாவது கொக்கியில் தகட்டைப் பார்த்தான். அதன் சொந்தக்காரர் வெளியே தேநீர் குடிப்பதையும் பார்த்தான். லாரிக்காரரின் கத்தலில் அன்று அவன் சுவரைத் தட்டவில்லை. தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தான்.

"என்னண்ணே, வெளிய வந்தா கழட்டிட்டு வர மாட்டீங்களா? லாரிக்காரன் என் உசுர வாங்குறான்."

"அய்யோ, மறந்துட்டேம்பா. நாந்தான்... மன்னிச்சுக்க."

வாய் சொன்னது. மனம் அங்கே இல்லவே இல்லை. யாராவது குறை சொன்னால் வாய் தானாகப் பதில் சொல்லும். அத்தனை வருடமும் அப்படித்தான். கையை நீட்டித் தகட்டை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டார். ரேடியோ திரும்பிப் போனான். இவர் இன்னும் ஒரு வாய் தேநீர் குடித்தார். அது தொண்டையில் இறங்கும்போதுதான் காலையில் நீண்ட அந்தக் கை நினைவுக்கு வந்தது.

ஓடினார். சுவரை நெருங்கும் முன்பே உருளை சுழலும் சத்தம் கேட்டது. ஈரத் துணி புரளும் சத்தம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை.

ரேடியோவே பதறிப்போய் நிறுத்தினான். மாப்பிள்ளையை வெளியே எடுத்தபோது வலது கை உடலோடு ஒரு தோலில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் அதையும் எடுத்துவிட்டார்கள். இடுப்பெலும்பிலும் முறிவு. உயிர் தப்பியது.

வண்டியில் ஏற்றும்போது, காவலாளியிடம், மருத்துவமனை வரவேற்பில், தங்கையிடம் என்று எல்லா இடத்திலும் அவர் அந்த ஒரே சொல்லைச் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நறுக்கென்று பேசுகிறவள். ஆனால் அன்று குரலைத் தாழ்த்தினாள்.

"நடந்ததை மொதல்லேருந்து சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரக்கூடாது."

"எந்த வார்த்தை?"

"உங்க பேரு."

அவர் ஆரம்பித்தார். "காலையில மாப்பிள்ளை தகடு கேட்டாரு. குடுத்தேன். குடுத்தது என்..."

"தப்பு சரியெல்லாம் அப்புறம். என்ன நடந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க. அவருதை ஏன் மாட்டல?"

"அவருக்குத் தகடு கிடையாது."

"ஏன் கிடையாது?"

"குடுக்கல."

"யாரு குடுக்கல?"

"ஆலையில... நான் கேட்டு வாங்கிக் குடுத்திருக்கணும்."

"பாருங்க! மூட்டை எங்க கெடந்தாலும் உங்க தலைக்கே வருது. உலகத்துத் தப்பையெல்லாம் நீங்களே அள்ளிக்கிட்டா மத்தவங்க தப்புக்கு எங்க போவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கச் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு முறையும் நாலைந்து வாக்கியத்துக்குள் கதை அவர்மேல் வந்து கவிழ்ந்தது. தன்னை நடுவில் வைக்காமல் ஒரு சம்பவத்தைச் சொல்ல அவருக்கு வரவில்லை. கடைசியில் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்துபோய் விளக்கைப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். வழக்கமாக "யோவ் நாந்தான்" என்று கூப்பிடுகிறவர், அன்று எழுந்து நின்று, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். அந்த அறையின் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

"நாளைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வர்றாங்க. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு வாக்குமூலத்தை நாங்களே அடிச்சு வச்சிருக்கோம். அவங்க முன்னாடி கையெழுத்துப் போட்டாப் போதும்." காகிதத்தை நகர்த்தினார். "நான் எல்லார்கிட்டயும் சொல்றேண்ணே. தப்பை ஒத்துக்கற மனசு உங்களுக்குத்தான் இருக்கு. இந்தக் காலத்துல உங்களை மாதிரி ஒரு நேர்மையான ஆளப் பாக்க முடியாது."

அவருக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் இந்த ஒரே காரணத்துக்காகக் கிடைத்தவைதான். வேறு எதற்காகவும் யாரும் அவரை நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. தண்டனை கிடைத்தால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தச் சத்தம் இறங்கிவிடும் என்றும் தோன்றியது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நேராக மருத்துவமனைக்குப் போனார். தங்கைக்கு இது ஓர் ஆறுதலாக இருக்கும் என்று நிஜமாகவே நினைத்தார்.

தங்கை வார்டுக்கு வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவி இரண்டு நாளாகியிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் நானே ஏத்துக்கறேம்மா. நாளைக்கு கையெழுத்துப் போடறேன்."

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"நீ இதைப் படிச்சியா அண்ணே?"

"மேலாப்புல பாத்தேன்."

"'தொழிலாளர் அனைவருக்கும் தகடு வழங்கப்பட்டிருந்தது. விபத்துக்கு நான் ஒருவனே காரணம். நிர்வாகத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.' இவருக்கு எப்போ குடுத்தாங்க தகடு?"

"குடுக்கல."

"அப்போ இது பொய். இந்தப் பொய்யில நீ கையெழுத்துப் போட்டா நாளைக்கு இவரு வைத்தியத்துக்கு யாரு பொறுப்பு? ஒரு கை இல்லாதவருக்கு யாரு வேலை குடுப்பா? நீ குடுப்பியா?"

"நான் உசுரோட இருக்கறவரைக்கும்..."

"வேண்டாம்!" நடைவழியில் போன செவிலி திரும்பிப் பார்த்தாள். தங்கை குரலைக் குறைத்தாள். "நீ கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருப்ப. எல்லாத்தையும் சுமந்துட்டோம்னு இருப்ப. நாங்க எங்க போறது? சின்ன வயசுல நான் உடைச்சதுக்கெல்லாம் நீ அடி வாங்கின. எனக்கு அது வசதியா இருந்துச்சு, வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப அது வசதியா இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப என் மேல தப்பு இல்லங்கறியா?"

"யாரு சொன்னது இல்லன்னு? இருக்கு. உள்ள படுத்திருக்காரே, போய்ப் பாரு, எவ்வளவு இருக்குன்னு தெரியும். ஆனா எது உன் தப்பு, எது உன் தப்பில்லன்னு அளந்து சொல்லு. எல்லாமே நாந்தான்னு சொல்றவன் எதையுமே ஒத்துக்கலன்னுதான் அர்த்தம்." காகிதத்தை அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் பின்னால் போக எழுந்தார். கதவை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விசாரணை கணக்குப் பிரிவு அறையில் நடந்தது. ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண். சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். சுவரோரம் ரேடியோ நின்றான். ஒரு சொல் பேசவில்லை. அவனை அப்படி யாரும் பார்த்ததே இல்லை.

"கையெழுத்துப் போடறீங்களா?" என்றார் ஆய்வாளர்.

"இதுல இல்லம்மா. நான் வாயால சொல்றேன்."

"அண்ணே, அதான் எல்லாம் எழுதியிருக்கே" என்றார் மேற்பார்வையாளர்.

"எழுதினது சரியில்ல சார்." சொல்லிவிட்டு, பழக்கத்தில், மன்னிச்சுக்குங்க என்று தொடங்கிய உதட்டைக் கடித்துக்கொண்டார். பேச்சு நேராக வரவில்லை. இடையில் நின்றது, பின்னால் போனது, தண்ணீர் கேட்டார். "தகடு என்னோடது. அதை மாப்பிள்ளைக்குக் குடுத்தது நான். குடுக்கக் கூடாது. அது என் தப்பு. மறந்துட்டேன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. நான் மறக்கல. யோசிக்காம சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அவர் கை இருக்கும். இது ரெண்டும் என்னுது."

"அவ்வளவுதானே?" என்றார் மேற்பார்வையாளர்.

"இல்ல சார். மாப்பிள்ளைக்குத் தகடு குடுக்கல. அவரோட சேந்தவங்க யாருக்கும் குடுக்கல. என்னோடதை வச்சு ஓட்டச் சொன்னது நீங்க. அது என்னுது இல்ல."

மேற்பார்வையாளரின் முகம் இறுகியது. அது நாந்தானுக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்ததைச் சொல்வதுதான் வாயில் கல்லாகக் கிடந்தது. ரேடியோவுக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அவன் இவரைக் கேலி செய்ததுபோல யாரும் செய்ததில்லை. இவருக்குக் காய்ச்சல் வந்தபோது வீடு தேடி வந்தவனும் அவன் ஒருவன்தான்.

"தகடைக் கழட்டினது..." நிறுத்தினார். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "அதுவும் என்னுது இல்ல."

"யார் கழட்டினது?"

அவர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ தரையைப் பார்த்தபடி, "நான்" என்றான். சொன்னதும் சுவரில் சாய்ந்து குலுங்கி அழுதான். அழுகையை நிறுத்த இவர் ஓடிப்போகவில்லை. கால்கள் போகத் துடித்தன. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசாரணை முடிந்து வந்த உத்தரவில் அவர், ரேடியோ, மேற்பார்வையாளர் என்று மூன்று பேர் மீதும் குறை இருந்தது. மாப்பிள்ளையின் வைத்தியத்துக்கும் வாழ்க்கைக்கும் ஆலை பொறுப்பேற்க வேண்டும் என்றது உத்தரவு. ரேடியோவை வேறு பிரிவுக்குக் கீழிறக்கினார்கள். அவன் இவரிடம் பேசுவதை நிறுத்தினான். இவரை வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உத்தரவில் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ஆட்குறைப்பு என்று சொல்ல எப்போதும் வழி உண்டு. "தங்கமான மனுஷன்னு நெனச்சோம், கடைசியில காட்டிக்குடுத்துட்டாரே" என்று ஆலையில் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. அவர் மனைவி அதைக் கேட்டு, "தங்கம்னா உருக்கத்தானே பாப்பாங்க" என்றாள்.

மாப்பிள்ளை அவரைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். மூன்று வாரம் கழித்து, வரட்டும் என்றார். வார்டில் ஜன்னலோரக் கட்டில். போர்வை வலது பக்கத்தில் தட்டையாகக் கிடந்தது. தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள்.

மாப்பிள்ளை முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார். பிறகு கேட்டார். "ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க? மறந்துட்டேன்னு?"

இந்தக் கேள்விக்கு நூறு முறை பதில் தயாரித்திருந்தார். அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொன்னார்.

"பழக்கம் மாப்பிள்ளை. யாரு என்ன குறை சொன்னாலும் என் வாய் ஆமான்னு சொல்லும். உள்ள நீங்க இருக்கீங்கன்னு அந்த நேரம் எனக்கு நெனப்பே இல்ல."

"உங்க பழக்கத்துக்கு என் கை."

"ஆமா."

அந்த ஆமாவுக்குப் பின்னால் வழக்கமாக வரும் எதுவும் வரவில்லை. காலில் விழவில்லை, என்னை அடியுங்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் மாப்பிள்ளைதான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும் என்பது அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. அந்த வேலையை ஒற்றைக் கைக்காரர் தலையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"என்னால உங்களை மன்னிக்க முடியுமான்னு தெரியல" என்றார் மாப்பிள்ளை.

"சரி."

"தினம் வராதீங்க."

"எப்ப வரட்டும்?"

மாப்பிள்ளை தங்கை போன கதவைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை. அவ வீட்டுக்குத் தூங்கப் போகணும்."

"வர்றேன்."

எழுந்து போய்விடலாம் என்று உடம்பு சொன்னது. அவர் போகவில்லை. முக்காலியை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பார்வை நேரம் முடியும்வரை அந்தத் தட்டையான போர்வையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.